காக்பிட்டுக்குள் புழுக்கம்

1990 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் வெப்பநிலை 50 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அங்குள்ள விமான நிலையத்தில் புறப்பாடுகளை நிறுத்தி வைத்தார்கள். எந்த எந்திரமும் பழுதாகவில்லை. ஜெட் விமானங்களின் செயல்திறன் அட்டவணை ஏறக்குறைய 49 டிகிரியோடு முடிந்துபோயிருந்தது, அவ்வளவுதான். அதற்கு மேலான வெப்பத்தில் ஓடுபாதையில் எவ்வளவு தூரம் ஓட வேண்டும், எத்தனை டன்னைத் தூக்கலாம் என்று சொல்ல அந்தத் தாளில் வரி இல்லை. வரி இல்லாத இடத்தில் பறப்பதில்லை என்பது விமானத் துறை உயிர்களைக் கொடுத்துக் கற்றுக்கொண்ட ஒழுக்கம்.

27 ஆண்டுகள் கழித்து, 2017 ஜூன் 20-இல், அதே ஊரில் நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. பெரிய போயிங், ஏர்பஸ் விமானங்கள் பறந்தன. பொம்பார்டியர் நிறுவனத்தின் சிறிய சிஆர்ஜே விமானங்களுக்கு மட்டும் 48 டிகிரிதான் உச்ச வரம்பு. அன்றைய முன்னறிவிப்போ 49. ஒரு டிகிரிக்காக யாரும் வாதாடவில்லை. எண் தாண்டியது, விமானம் நின்றது.

இந்த இரண்டு நாள்களையும் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் காற்றின் அடர்த்தியைப் பற்றி எழுதினார்கள். சூடேறினால் காற்று மெலிகிறது, மெலிந்த காற்றில் இறக்கைக்குத் தாங்கல் குறைகிறது, எஞ்சினுக்கு உந்துவிசை குறைகிறது. எல்லாம் சரி. என் கேள்வி வேறு. அந்த விமானத்தின் முன் இருக்கைகளில் உட்கார்ந்திருந்த இருவருக்கு எத்தனை டிகிரி வரம்பு? பின்னால் நடைவழியில் நின்றுகொண்டிருந்த பணிக்குழுவினருக்கு? எந்திரத்தின் ஒவ்வொரு பாகத்துக்கும் வெப்ப எல்லையை எழுதி வைத்த துறை, அதை இயக்கும் மனித உடலுக்கு அப்படி ஒரு வரியை எழுதிக்கொள்வதில் ஏன் இவ்வளவு தயங்குகிறது?

தமிழில் வெப்பத்துக்குப் பல பெயர்கள் உண்டு. வெயில் வேறு, அனல் வேறு, வெக்கை வேறு, புழுக்கம் வேறு. இவற்றில் உடலுக்கு மிகக் கொடியது புழுக்கம். காரணம் வியர்வை. சுற்றியுள்ள காற்று நம் தோலைவிடச் சூடாக இருந்தால், அதாவது 35 டிகிரியைத் தாண்டினால், காற்றிடம் வெப்பத்தைக் கொடுக்கும் வழி அடைபட்டு, காற்றே நமக்கு வெப்பத்தைக் கொடுக்கத் தொடங்குகிறது. அப்போது மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் உடலைவிட்டுப் போகும். ஆவியாக வேண்டும் என்பதுதான் நிபந்தனை. சொட்டிக் கீழே விழும் வியர்வையால் பயன் எதுவும் இல்லை. உடல் தண்ணீரை இழந்ததுதான் மிச்சம்.

1950-களில் அமெரிக்கக் கடற்படைக் காலாள் வீரர்களின் பயிற்சி முகாம்களில் இளைஞர்கள் வெப்பத்தில் சுருண்டு விழுந்தபோது, யாக்லூ, மினார்ட் என்ற இருவர் இதை ஓர் எண்ணாக்கினார்கள். ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்கு 70 பங்கு, வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்குள் இருக்கும் வெப்பமானிக்கு 20 பங்கு, நாம் அன்றாடம் செய்தியில் கேட்கும் சாதாரண வெப்பநிலைக்கு வெறும் 10 பங்கு. தொலைக்காட்சியில் சொல்லும் எண்ணுக்கு உடலின் கணக்கில் பத்தில் ஒரு பங்கு மதிப்புதான். மீதியில் பெரும்பகுதி புழுக்கம்.

வெப்பம் உடலைத் தாக்குவது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே அது மூளையைத் தாக்கத் தொடங்கிவிடுகிறது என்பதுதான் பறப்பவர்களுக்கு முக்கியம். கேம்பிரிட்ஜில் நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் 1946-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. தேர்ந்த கம்பியில்லாத் தந்தி ஊழியர்களைச் சூடான அறையில் மணிக்கணக்கில் உட்கார வைத்து, மோர்ஸ் செய்திகளைக் கேட்டு எழுதச் சொன்னார். வெப்பம் கூடக் கூடப் பிழைகள் முதலில் மெல்லத்தான் கூடின. ஓர் எல்லையைத் தாண்டியதும் செங்குத்தாக ஏறின. நேரம் செல்லச் செல்லப் பிழை பெருகியது. மிகத் திறமையானவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தாக்குப்பிடித்தார்கள். இந்தக் கடைசிக் கண்டுபிடிப்பு ஆறுதலாகத் தோன்றும். எனக்கு அது எச்சரிக்கையாகவே படுகிறது. தேர்ந்த விமானி நெடுநேரம் சமாளிக்கிறார். சமாளிக்கிறார் என்பதாலேயே அவரும் கவனிப்பதில்லை, மற்றவர்களும் கவனிப்பதில்லை. தன் நிதானம் குறைகிறது என்று உணர வேண்டியதும் அதே மூளைதான்.

போர் விமானத்தின் காக்பிட்டில் இந்தச் சிக்கல் முழு வடிவம் எடுக்கிறது. நாலாபுறமும் பார்க்க வேண்டும் என்பதற்காக விமானியின் தலைக்கு மேல் குமிழ் போன்ற ஒளிபுகும் மூடி இருக்கிறது. வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் நுழைந்தவர்களுக்கு அந்த இடம் எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டாம். விமானி அதற்குள் ஏறும்போது தீப்பிடிக்காத துணியில் தைத்த முழு உடை, கால்களையும் வயிற்றையும் இறுக்கும் ஜி-உடை, இருக்கைப் பட்டைகள், கையுறை, ஹெல்மெட், ஆக்சிஜன் முகமூடி எல்லாம் அணிந்திருக்கிறார். காற்றுப் படும் தோல் கழுத்தில் கொஞ்சம், முகத்தில் கொஞ்சம். வியர்வை ஆவியாக இடமே இல்லை.

குளிரூட்டும் கருவி இல்லாமல் இல்லை. எஞ்சினின் அமுக்கிப் பகுதியிலிருந்து 200 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் காற்றைப் பிரித்தெடுத்து, வெளிக்காற்றால் ஆற்றி, ஒரு சிறு டர்பைன் வழியே விரியவிட்டுக் குளிர்விப்பதுதான் முறை. எஞ்சின் முழு வேகத்தில் சுழலும்போது இது நன்றாக வேலை செய்யும். தரையில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது குளிர்ச்சி குறைந்துவிடும். எஞ்சினே ஓடாமல், எச்சரிக்கை மணி அடித்த சில நிமிடங்களில் கிளம்ப வேண்டும் என்ற ஆயத்த நிலையில் பட்டை மாட்டிக் காத்திருக்கும்போது, வெளியிலிருந்து குளிர்காற்றுக் குழாய் செருகினால்தான் உண்டு. வரும் குளிரிலும் பெரும்பங்கை ரேடாரும் கணினிகளும் எடுத்துக்கொள்கின்றன. சூடேறினால் அவை நின்றுவிடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

உயரே போனால் குளிர்ந்துவிடுமே என்று கேட்கலாம். பயணிகள் விமானத்துக்கு அது சரி. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் வெளியே கழித்தல் 50 டிகிரி. எதிரியின் ரேடாருக்குத் தப்பித் தரையை ஒட்டிப் பறக்கும் போர் விமானத்துக்கு அந்த விடுதலை கிடையாது. தரையின் 42 டிகிரிதான் அங்கும். அதோடு வேகத்தின் சூடும் சேர்கிறது. மணிக்கு 900 கிலோமீட்டரில் பாயும் விமானத்தின் மூக்கில் மோதி நிற்கும் காற்று, அந்த மோதலாலேயே ஏறக்குறைய 30 டிகிரி சூடேறுகிறது. ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் பறந்த கான்கார்டு விமானத்தின் மூக்கு நுனி 127 டிகிரியைத் தொட்டது இதே காரணத்தால்தான். ஆகவே ராஜஸ்தான் கோடையில் தாழப் பறக்கும் விமானத்தின் உடல் 70 டிகிரிக்கு அருகில் இருக்கும். இந்தியாவிலேயே மிக உயர்ந்த வெப்பநிலையாகப் பதிவான 51 டிகிரி, 2016 மே 19-இல் அதே ராஜஸ்தானின் பலோடியில் பதிவானது. பலோடியில் நம் விமானப்படைக்கு ஒரு தளம் இருக்கிறது.

இதற்கு மேல் ஜி-விசை. இதயத்திலிருந்து கண் ஏறக்குறைய 30 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கு ரத்தத்தை ஏற்ற, சாதாரணமாக 22 மி.மீ. பாதரச அளவு அழுத்தம் செலவாகிறது. விமானம் திடீரென வளைந்து விமானியின் எடை ஐந்து மடங்காகும்போது அந்தச் செலவு 110 மி.மீ. ஆகிறது. ஆரோக்கியமான ஒருவரின் மேல்நிலை ரத்த அழுத்தமே 120தான். முதலில் பார்வை மங்கி, பிறகு இருண்டு, கடைசியில் நினைவு தப்புவது இதனால்தான். ஜி-உடையும், தசைகளை இறுக்கி மூச்சைப் பிடிக்கும் பயிற்சியும் இந்த இழப்பை ஈடுகட்டுகின்றன. இப்போது வெப்பத்தை இதில் சேருங்கள். உடலை ஆற்றுவதற்காகத் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்தம் அங்கே ஒதுங்கியிருக்கிறது. வியர்த்து வியர்த்து ரத்தத்தின் நீர் குறைந்திருக்கிறது. தசைகள் ஏற்கெனவே களைத்திருக்கின்றன. நேற்று ஏழு ஜி தாங்கிய அதே மனிதர் இன்று தாங்காமல் போகலாம். நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் மாறியது அவருடைய திறமையோ உடல்நலமோ இல்லை. வெளியே இருந்த காற்று.

இந்தப் புரிதலிலிருந்து பிறந்ததுதான் ஃபிட்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் போர் விமான வெப்பக் குறியீடு. அப்போது டெக்சஸ் மாநிலத்தில் இருந்த அமெரிக்க விமானப்படையின் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த சாரா நன்னெலியும் ஸ்ட்ரிப்ளியும் 1979-இல் இதை வெளியிட்டார்கள். காக்பிட்டுக்குள் கருவி எதுவும் வைக்க வேண்டாம். தரையில் எடுத்த ஈரக்குமிழ் வெப்பநிலையை, அதாவது ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை, 0.83-ஆல் பெருக்கி, சாதாரண வெப்பநிலையை 0.35-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டி, அதோடு 5.08 சேர்த்தால் வெயில் நாளின் குறியீடு வந்துவிடும். 32-ஐத் தாண்டினால் எச்சரிக்கை மண்டலம். பறக்கும் முன் தரையில் கழிக்கும் நேரம் 90 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. 38-ஐத் தாண்டினால் அபாய மண்டலம். அந்த நேரம் 45 நிமிடம்தான். இரண்டு பறப்புகளுக்கு நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் குளிர்ந்த இடத்தில் இளைப்பாற வேண்டும்.

இந்தச் சூத்திரத்தை நம் ஊர் எண்களுக்குப் போட்டுப் பார்த்தேன். பாலைவனத்தில் 45 டிகிரி வெயில், காற்று வறண்டிருக்கிறது, ஈரக்குமிழ் 22 என்று வைத்துக்கொண்டால் குறியீடு 39. சென்னைக் கடற்கரைப் பக்கம் 33 டிகிரி, ஈரக்குமிழ் 27 என்று எடுத்துக்கொண்டால் அங்கும் 39. நாம் யாரும் பெரிதாகப் புகார் சொல்லாத ஒரு சாதாரண ஆடி மாதப் பிற்பகலும், செய்தியில் தலைப்பாகும் ராஜஸ்தான் வெயிலும் காக்பிட்டுக்குள் ஒன்றுதான். கத்திரி வெயிலில் இங்கே 38 டிகிரியும் ஈரக்குமிழ் 28-ம் வந்தால் குறியீடு 41-ஐத் தாண்டி, பாலைவனத்தை மிஞ்சிவிடுகிறது. தஞ்சாவூரில் 2020 ஜனவரி முதல் சுகோய்-30 படைப்பிரிவு ஒன்று இருக்கிறது; அதன் களம் இந்தியப் பெருங்கடல். கடலோரப் புழுக்கத்தில் பறப்பவர்களின் சுமை, வெப்பமானியை மட்டும் பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

ஃபிட்ஸை வேதவாக்காகக் கொள்ளவும் கூடாது. ஒரு குறிப்பிட்ட வகைப் போர் விமானத்தையும் இலகுவான கோடை உடையையும் மனத்தில் வைத்துச் செய்த கணக்கு அது. ஹெல்மெட்டின் எடை, உடையின் அடுக்குகள், மூடியின் வடிவம் மாறினால் விடையும் மாறும். வெப்பத்துக்கு உடல் பழகியிருக்கிறதா என்பதை அது கேட்பதில்லை. பழகுவதற்கு ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். பழகிய உடல் சீக்கிரமே வியர்க்கத் தொடங்குகிறது, வியர்வையில் உப்பை மிச்சப்படுத்துகிறது. காஷ்மீரத்திலிருந்து நேற்று மாற்றலாகி வந்தவரையும் மூன்று மாதமாக இங்கேயே இருப்பவரையும் அந்தச் சூத்திரம் ஒன்றாகவே நடத்துகிறது. 1957-இல் பெங்களூரில் தொடங்கி, இன்று வான்வெளி மருத்துவ நிறுவனமாக வளர்ந்திருக்கும் நம் விமானப்படையின் ஆய்வகம், இந்திய விமானிகளின் உடலையும் இந்தியக் கோடையையும் வைத்து இந்தக் கேள்விகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. குறைகள் இருந்தாலும் ஃபிட்ஸின் பெருமை ஒன்றை மறுக்க முடியாது. “எப்படி இருக்கிறது, முடியுமா?” என்று அது விமானியிடம் கேட்பதில்லை. கேட்டால் எந்த விமானியும் முடியும் என்றுதான் சொல்வார்.

வெளியில் பேசப்படாத இன்னொரு விஷயம் சிறுநீர். ஒற்றை இருக்கை விமானத்தில் கழிப்பறை கிடையாது. பட்டைகளை அவிழ்த்து, உடைகளைத் தளர்த்தி, பையில் சிறுநீர் கழிப்பது பறந்துகொண்டே செய்யும் காரியங்களில் மிகச் சங்கடமானது. ஆகவே பறப்பதற்குச் சில மணி நேரம் முன்பே தண்ணீரைக் குறைத்துவிடும் பழக்கம் பல நாட்டு விமானிகளிடமும் இருக்கிறது. பெண் விமானிகளுக்கு இந்தச் சங்கடம் இன்னும் அதிகம். கருவிகள் நெடுங்காலம் ஆண் உடலுக்காகவே செய்யப்பட்டன. பந்தோபஸ்துப் பணியில் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் நிற்கும் பெண் போலீசாரைப் பார்த்திருக்கும் நமக்கு இது புதிய கதை இல்லை. தாகம் என்ற உணர்வே தாமதமாகத்தான் வரும். அது வரும்போது உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு தண்ணீர் ஏற்கெனவே போயிருக்கும். வறண்ட உடலோடு காக்பிட்டில் ஏறுபவருக்கு மேலே சொன்ன எல்லா எண்களும் இன்னும் மோசமாகின்றன. நல்ல சிறுநீர்க் கருவி வாங்கித் தருவது பறப்புப் பாதுகாப்புச் செலவு. நிர்வாகங்கள் அதை வசதி என்ற கணக்கில் வைப்பது தவறு.

பயணிகள் விமானத்தில் ஆபத்தின் இடம் தரை. ஏர்பஸ் 320 ஒன்றில் 180 பேர் ஏறி உட்கார்ந்தால், ஆளுக்கு 100 வாட் வீதம் 18 கிலோவாட் வெப்பம் அவர்கள் உடலிலிருந்தே வருகிறது. வீட்டில் மாட்டும் ஒன்றரை டன் ஏசி ஏறக்குறைய 5 கிலோவாட் வெப்பத்தைத்தான் வெளியேற்றும். அதாவது மனிதர்களின் சூட்டுக்கு மட்டுமே மூன்று நான்கு ஏசி வேண்டும். கதவு திறந்திருக்கிறது, கூரை தகிக்கிறது, மின் திரைகளும் சமையல் பகுதியின் அடுப்புகளும் தங்கள் பங்குக்குச் சூட்டைச் சேர்க்கின்றன. வாலில் உள்ள துணை எஞ்சின் ஓடினால் குளிர்காற்று வரும். எரிபொருளும் இரைச்சலும் மிச்சமாகட்டும் என்று அதை நிறுத்தி வைப்பதும், அது பழுதாகியிருப்பதும், தரையிலிருந்து குளிர்காற்றுக் குழாய் வந்துசேரத் தாமதமாவதும் நடக்கிற காரியங்கள்.

2023 ஜூலை 17 அன்று லாஸ் வேகஸில் 40 டிகிரியைத் தாண்டிய வெயிலில் ஒரு விமானம் பயணிகளோடு மணிக்கணக்கில் தரையில் காத்திருந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு உடல்நலம் குன்றியது; மருத்துவ உதவி வரவழைக்க வேண்டியதாயிற்று. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விசாரணையில் இறங்கியது. செய்திகள் பயணிகளைப் பற்றியே பேசின. அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, மயங்கியவர்களைத் தாங்கிக்கொண்டு அதே வெக்கையில் நடந்த பணிக்குழுவினரை நான் நினைத்துப் பார்க்கிறேன். பயணி உட்கார்ந்திருக்கிறார், இவர்கள் வேலை செய்கிறார்கள், உடல் கூடுதலாகச் சூட்டை உண்டாக்குகிறது. தேநீர் தருவதற்காக மட்டும் இவர்கள் விமானத்தில் ஏற்றப்படவில்லை. தீப்பிடித்தால், பாதிக் கதவுகள் திறக்காவிட்டாலும், 90 நொடியில் எல்லோரையும் வெளியேற்ற முடியும் என்று காட்டித்தான் ஒரு விமான வகை சான்றிதழ் பெறுகிறது. அந்த 90 நொடிகள் இவர்களுடைய தெளிவையும் குரலையும் நம்பியே இருக்கின்றன.

அந்தத் தெளிவைக் காக்கும் விதி எங்கே? அமெரிக்கச் சான்றளிப்பு விதி, உள்ளே இருக்கும் ஒவ்வொருவருக்கும் நிமிடத்துக்கு 250 கிராம் புதிய காற்று தர வேண்டும் என்கிறது. அன்றாடப் பயன்பாட்டில் கேபின் இத்தனை டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று ஓர் எண்ணை அது சொல்வதில்லை. 2013-இல் கேபின் பணியாளர்களுக்குத் தொழிலகப் பாதுகாப்பு விதிகளில் சில நீட்டிக்கப்பட்டன: இரைச்சல், ரத்தத்தால் பரவும் கிருமிகள், அபாய ரசாயனங்கள். வெப்பம் அந்தப் பட்டியலில் இல்லை. 2018-இல் அங்குள்ள விமானப் பணியாளர் சங்கம் கட்டாய வெப்பநிலை வரம்பு கேட்டு அரசிடம் மனுக் கொடுத்தது. நம் நாட்டிலும் விமானிகளின் பணிநேர விதி, பணி இரவிலா பகலிலா, எத்தனை முறை தரையிறங்குகிறார் என்றெல்லாம் நுணுக்கமாகக் கணக்கிடுகிறது. வெளியே 28 டிகிரியா 45 டிகிரியா என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை. சோர்வை அளக்க இவ்வளவு சிரமப்படுகிறவர்கள், சோர்வை வேகமாக உண்டாக்கும் காரணிகளில் ஒன்றை வாசலிலேயே விட்டுவிடுகிறார்கள்.

சான்று போதாது என்று ஒரு வாதம் உண்டு. விபத்து அறிக்கைகளில் வெப்பம் காரணமாக வருவது அரிது என்பார்கள். உண்மை, ஆனால் எப்படி வரும்? பறப்புத் தரவுக் கருவி வெளிக்காற்றின் வெப்பநிலையைப் பதிவு செய்கிறது. விமானியின் உடல் வெப்பத்தை எந்தக் கருவியும் பதிவு செய்வதில்லை. விபத்துக்குப் பின் அதைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. தவறான பொத்தானை அழுத்தியது, சொன்ன உயரத்தை மறந்தது, தாமதமாகத் திருப்பியது எல்லாம் மனிதப் பிழை என்ற ஒரே பெட்டிக்குள் போய்விடுகின்றன. இஸ்ரேலில் ஃப்ரூம் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் 1993-இல் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். விமானிப் பிழையால் நேர்ந்த 500 ஹெலிகாப்டர் விபத்துகளையும் சிறு சம்பவங்களையும் எடுத்து, அந்தந்த நேரத்து வெப்பநிலையோடு பொருத்தினார்கள். இதமான வெப்பநிலையோடு ஒப்பிட்டால், 35 டிகிரிக்கு மேல் பிழைக்கான வாய்ப்பு பல மடங்கு கூடியிருந்தது. ஹெலிகாப்டர் பொருத்தமான தேர்வுதான்: பெரிய கண்ணாடி, தாழ்ந்த உயரம், பல வகைகளில் ஏசியே கிடையாது.

தீர்வுகள் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியவை அல்ல. 1962-இலேயே இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில், விமானிகளுக்காக, மெல்லிய குழாய்களில் குளிர்ந்த நீர் ஓடும் உள்ளாடையைச் செய்துவிட்டார்கள். அதன் அருமை விண்வெளியில்தான் முழுதாக விளங்கியது. 1966 ஜூன் 5-இல் ஜெமினி 9 கலத்திலிருந்து வெளியே வந்த யூஜின் செர்னன், காற்றால் மட்டுமே குளிரூட்டப்பட்ட உடைக்குள் இரண்டு மணி நேரம் போராடினார். முகக் கண்ணாடி ஆவி படிந்து பார்வை மறைந்தது. வியர்த்து எடை குறைந்து, திட்டமிட்ட சோதனையைக் கைவிட்டுத் திரும்பினார். அதன்பின் அப்பல்லோ வீரர்கள் நிலாவில் நடந்தது நீர் ஓடும் உள்ளாடையோடு. அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டர் குழுவினருக்கும் அதே வழியில் குளிரூட்டும் உடை கிடைத்திருக்கிறது.

எல்லா விமானங்களிலும் அதைப் பொருத்தப் பணமும் இடமும் இருக்காது. ஆனால் நிறுத்தியிருக்கும் விமானத்தின் மேல் ஒரு நிழற்கூரை போடலாம், விமானி ஏறும்வரை காக்பிட் மூடியின் மேல் வெள்ளைத் துணி போர்த்தலாம். குளிர்காற்று வண்டி வந்த பிறகுதான் பயணிகளை ஏற்றுவது என்று வைத்துக்கொள்ளலாம். கேபினுக்குள் ஒரு வெப்பமானியை மாட்டி, அதன் எண்ணைத் தலைமைப் பணியாளர் பறப்புக் குறிப்பேட்டில் எழுதலாம். அந்த எண் ஒரு வரம்பைத் தாண்டினால் கதவை மூடக் கூடாது என்று சொல்லும் அதிகாரத்தையும் அவருக்கே கொடுக்கலாம்.

சென்னை விமான நிலையத்திலிருந்து அரை மணிக்கு ஒரு முறை வானிலைக் குறிப்பு வெளியாகிறது. காற்றின் திசை, பார்வைத் தூரம், மேகம் ஆகியவற்றுக்குப் பின் சாய்கோடு போட்டு இரண்டு எண்கள் வரும்: 33/25. முதலாவது வெப்பநிலை, இரண்டாவது பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை. இந்த இரண்டும் தெரிந்தால் ஈரக்குமிழ் 27 என்று கிடைத்துவிடும். ஈரக்குமிழ் தெரிந்தால் குறியீடு 39. புறப்படுவதற்கு முன் ஒவ்வொரு விமானியும் அந்தக் குறிப்பை வாசிக்கிறார். முதல் எண்ணை எடுத்து எஞ்சினின் உந்துவிசையைக் கணக்கிடுகிறார்.